பாகு சுடவில்லை

சாந்தோம்,
1946 நவம்பர் 9

அன்புள்ள நீரஜாவுக்கு,

திருச்சியில் நீயும் உன் ஆஸ்பத்திரியும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே இவரும் பியாட்ரிஸும் நலம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

பியாட்ரிஸுக்கு ஒரு வரன் கூடி வருகிறது. பையன் அடையாற்றில் பள்ளிக்கூட வாத்தியார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். பெண் பின்னிய லேஸை எல்லாம் அன்றைக்கு முன்னறையில் பரப்பி வைக்க வேண்டும்: நாற்காலி முதுகில், ஹார்மோனியத்தின் மேல், மாதா சுரூபத்தின் அடியில். அவள் மாதக்கணக்காகக் குரோஷா ஊசியைக் கீழே வைக்கவில்லை. வட்ட விரிப்புகள், ஒரு பழக்கூடை, இரண்டு அன்னங்கள், எல்லாம் நூலிலேயே.

அவற்றை விறைப்பாக நிற்க வைப்பது என் வேலை. எப்போதும் அரிசிக் கஞ்சி போடுவேன். இந்த மழையிலும் கடற்காற்றிலும் கஞ்சி போட்ட அன்னம் மறுநாளே கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. அதனால் ரேஷன் சர்க்கரையை எடுத்துப் பாகு காய்ச்சினேன். லேஸைப் பாகில் முக்கி எடுத்து, கவிழ்த்த கிண்ணத்தின் மேல் இழுத்துவிட்டு, ஓரங்களைத் தலையணையோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்தால் காய்ந்து நிற்கும். இவர், "காப்பிக்குச் சக்கரை இல்லியாம், துணிக்குப் பாகாம்! மாப்ள வீட்டுக்கு முன்னாடி எறும்புதான் பொண்ணு பார்க்க வரும்" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். அது போன திங்கட்கிழமை காலை.

பேச்சுவாக்கில், பாகில் முக்கிய லேஸ் கூடையின் நுனியைப் பிடித்துத் தூக்கினேன். "ஐயோ அம்மா, கைய எடு! ஆவி வருது பாரு!" என்று பியாட்ரிஸ் கத்தினாள். குனிந்து பார்த்தால் என் சுண்டுவிரலும் மோதிர விரலும் கொதிக்கும் பாகுக்குள் இருந்தன. சுடவில்லையே என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு, சுட்டது போலக் கையை உதறினேன். பிற்பாடு இரண்டு விரலும் கொப்பளித்தன. அப்போதும் வலி இல்லை.

மதியம் தனியாக உட்கார்ந்து, லேஸில் குத்திய அதே குண்டூசியை அந்த விரல்களில் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது. அவ்வளவுதான். இன்டர்மீடியட்டில் நாம் ஒரே மேசையில் தவளை அறுத்தோமே, தலை போன தவளைகூடக் காலைக் கிள்ளினால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. முழங்கைக்கு மேல் ஒரு வெளிறிய தேமல் இருக்கிறது. வெயிலால் வந்தது என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அங்கும் ஊசி குத்தியது தெரியவில்லை.

நீ டாக்டர். எதை நினைத்து நடுங்குகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். அந்தப் பெயரை எழுதப் பேனா எழவில்லை. கோயில் வாசலில் விரல் மழுங்கிய கையில் துணி சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு எட்ட நின்றே சில்லறை போடுவேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஓடி வருகிறேன்.

வியாழக்கிழமை பையனின் தாயார் லூயிசா அம்மாள் வழியில் எட்டிப் பார்த்தார். அன்னத்தைக் கையில் எடுத்து, "அடேயப்பா, கண்ணாடியாட்டம் நிக்குதே! இத இப்பவே தூக்கிட்டுப் போறேன் நோரா, பொண்ண அப்புறமா அனுப்பு" என்று சிரித்தபடியே கொண்டு போய்விட்டார். பேத்திக்கு விளையாடக் கொடுக்கப் போகிறாராம். அது சர்க்கரை, நீரஜா. குழந்தை வாயில் வைக்காமல் இருக்குமா? அதைப் பாகில் முக்கியதும் ஊசி குத்தியதும் இந்தக் கைதான்.

அவர் போனதும் மிச்ச லேஸை எல்லாம் கொதிநீரில் போட்டுப் பாகைக் கரைத்துவிட்டேன். பியாட்ரிஸ் அழுதாள். எறும்பு வந்துவிட்டது என்று சொன்னேன். இப்போது அவளே பாகு காய்ச்சுகிறாள். நான் அடுக்களை வாசலில் நின்று சொல்லிக்கொடுக்கிறேன். "என்னம்மா, புது மருமக மாதிரி வாசல்லயே நிக்கிற?" என்கிறாள்.

இது வெளியே தெரிந்தால் இந்த வரன் மட்டுமல்ல, எந்த வரனும் அவளைத் தேடி வராது. மறைத்துக் கட்டிக் கொடுக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வா. மைலாப்பூரில் உன் மன்னியைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள். லேஸ் பார்க்கிற சாக்கில் குண்டூசியை எடுத்து என் கையில் குத்திப் பார். வெறும் நரம்புப் பிசகு என்று நீ சொன்னால் நம்புவேன். வேறு என்றால் என்னிடம் மட்டும் சொல். லூயிசா அம்மாளிடம் நானே போய்ச் சொல்கிறேன். பதில் கடிதம் போடாதே, இவர் பிரித்துவிடுவார். வருகிறேன் என்று ஒரு தந்தி போதும்.

உன் மேசைக்கென்று பியாட்ரிஸ் ஒரு விரிப்பு பின்னியிருக்கிறாள். கடிதத்தோடு வைத்து அனுப்பச் சொன்னாள். நான் வைக்கவில்லை.

ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு.

உன்
நோரா