கொசுறுவுக்குச் சேர வேண்டிய நட்சத்திரங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. இருபது வயசாகியும் பாப்பாவா என்று முகத்தைச் சுளிப்பாய், வேறு எப்படிக் கூப்பிட்டும் எனக்குப் பழக்கமில்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்குப் பெரிதாக ஒரு குறையும் இல்லை, என் மனசுதான் சரியில்லை. நேற்று உன் போனுக்கு, உங்கள் புத்தகக் கடையில் நட்சத்திரப் பலகை மாட்ட வேண்டாம், காரணம் கடிதத்தில் என்று செய்தி அனுப்பினேன், நீ ஒரே ஒரு கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பியிருந்தாய். அந்தக் கேள்விக்குறிக்குப் பதில்தான் இது. போனைக் காதில் வைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும், போன வாரம் நீ, "புக்ஸ் எல்லாம் எப்படிப் போகுது சித்தி?" என்று கேட்டபோது, "பிள்ளைங்களுக்கு உசிரு" என்று சொல்லிவிட்டு அவசரமாக அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, பேருந்து ஓட்டப் புதுத் தடம் கொடுத்திருக்கிறார்கள், "அங்க வேகத்தடைக்கு நடுவுல கொஞ்சம் ரோடும் போட்டிருக்காங்க" என்று தினமும் வந்து சொல்கிறார், தைலம் தேய்த்தால் போதும் என்கிறார், டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறார், நீ ஒரு தடவை அதட்டினால் போவார். சமையலறைக் குழாய் சொட்டுவது நிற்கவில்லை. மழை விடாததால் உன் அறையில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறேன், உன் மேசையில்தான் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துகிறேன், உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ வேலை பார்க்கும் கடையிலிருந்து அனுப்பிய படப் புத்தகங்கள் வந்த அன்றே நானும் அப்பாவும் கட்டிலில் பரப்பிப் பார்த்தோம். "ஒண்ணுலகூட பொல்லாத சித்தி இல்லையே, பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்கா உன் பொண்ணு" என்று அப்பா சிரித்தார், உன் பொண்ணு என்று அவர் சொன்னதைக் கேட்டதும் நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. என் இரண்டாம் வகுப்புக்குத் தினமும் கடைசிப் பாடவேளை கதை நேரமானது. குளத்தைச் சுற்றி வேலி போட்ட வாத்துகளிடம் "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று தவளை கேட்கும் பக்கம் வந்தால் பிள்ளைகள் மேசையைத் தட்டுவார்கள். ஆனால் எல்லோரும் மறுபடி மறுபடி கேட்டது, மழையில் வளை இடிந்துபோன முள்ளம்பன்றியின் கதையைத்தான். முயல் பாய் கொண்டுவரும், அணில் கொட்டை கொண்டுவரும், கடைசிப் பக்கத்தில் எல்லா மிருகங்களும் சுற்றி நின்று சிரிக்கும், நடுவில் முள்ளம்பன்றி. அன்பும் தைரியமும் நியாயமும் இப்படிப் படத்தோடு உள்ளே போனால் ஆயுசுக்கும் தங்கும் என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன், தப்பு புத்தகத்தில் இல்லை. தலைமை ஆசிரியை ஒரு நாள் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கு மிஸ், ஆனா இதெல்லாம் சுவர்ல தெரியணும், பெத்தவங்க வந்தா சுவரைத்தான் பார்ப்பாங்க" என்றார். அன்றைக்கே நீல அட்டையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, யார் யாருக்கு உதவி செய்தாலும் அவர் பெயருக்கு நேரே ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவேன் என்று அறிவித்தேன். உனக்குப் படம் எடுத்து அனுப்பினேனே, உன் கடைக்காரம்மாவும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கதை நேரத்துக்கு இதே மாதிரி ஒன்று மாட்டலாம் என்றாரே, அந்தப் பலகைதான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு உதவி தேவைப்படுகிற ஆள்தான் கிடைக்கவில்லை. யாராவது விழ மாட்டார்களா, தூக்கிவிடலாமே என்று இரண்டு பேர் மாடிப்படிக்குக் கீழே காத்து நின்றார்கள். ஒருத்தி பக்கத்துப் பையனின் அழிப்பானை ஒளித்துவைத்து அவளே தேடிக் கொடுத்தாள், நான் சிரித்துக்கொண்டே அதற்கும் ஒட்டினேன். அப்புறம் ஒரு நாள் முன் பெஞ்சு வாயாடி எழுந்து, "மிஸ், நம்ம கிளாஸ்ல முள்ளம்பன்றி யாரு?" என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு குரல், "கொசுறுதான்! அவங்கம்மா மாப் போடுறாங்க, அவ ஷூகூட அவளோடது இல்ல" என்றது. கொசுறு யாரென்று உனக்குச் சொன்னதில்லை. எங்கள் பள்ளியில் தாழ்வாரமும் கழிப்பறையும் சுத்தம் செய்கிற அக்காவின் மகள், இரண்டு பையன்களுக்கு அப்புறம் எதிர்பாராமல் வந்து பிறந்ததால் அம்மா வைத்த செல்லப் பெயர் அது, வாளியோடு போகும்போதெல்லாம் அந்த அக்கா அப்படியே கூப்பிடுவதால் பள்ளிக்கூடம் முழுக்க அவள் கொசுறுதான். அண்ணனின் ஷூவுக்குள் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு வருவாள். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று நான் சொன்னேன், எனக்கே கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாக. சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு நிம்மதி இல்லை. "நேத்து நீ அவகூட உட்கார்ந்தே, இன்னைக்கு என் முறை" என்று ஒருத்தி, "நான் ரப்பர் குடுத்தாச்சு, நீ வேற ஏதாவது குடு" என்று ஒருத்தன். குட்டைப் பென்சில், பாதி தின்ற பிஸ்கட், மூடி இல்லாத பேனா எல்லாம் அவள் மேசைக்கு வந்தன. ஷூ கயிறு கட்டிவிட இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒரு பையன் அழுதுகொண்டு வந்து, "மிஸ், அவ தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்க விட மாட்டேங்குறா, எனக்கு இன்னைக்கு ஸ்டாரே இல்ல" என்றான். கொசுறு பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆசையா வர்றான்ல கண்ணு, பிடிச்சுக்க விடேன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், கொடுத்துவிட்டாள். நான் போய் அவனுக்கு நட்சத்திரம் ஒட்டினேன்.

பெற்றோர் வரும் நாளில் அந்த அக்காவுக்கு ஏது விடுமுறை, எல்லோரும் மிதித்துவிட்டு வரும் தரையைத் துடைத்தபடியே வந்து மற்றவர்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பலகையில் மகள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். எல்லா வரிசையும் மின்னியது, அந்த ஒரு வரிசை மட்டும் காலி. "எங்க வீட்டுக் கழுதைக்கு ஒண்ணுகூட இல்லையே மிஸ், வீட்டுல நல்லாத்தான் இருப்பா, இங்க யாருக்கும் ஒண்ணுமே செய்றதில்லையா?" என்று ஏதோ தானே தப்புச் செய்த மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "விடுங்க, எங்க பிள்ளைங்கதான் அவளை நல்லா பார்த்துக்கிறாங்களே" என்றார். நான், "போகப் போகச் சரியாயிடும்க்கா" என்றேன். அந்த வார்த்தையை என் வாய்தான் சொன்னது. சொல்லிவிட்டு அந்தக் காலி வரிசையைப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தினமும் மணி அடித்ததும் எல்லா மேசைக்கும் கீழே கிடக்கிற பென்சில் சீவலை அள்ளிப் போடுவது அவள்தான். ஒரு பையன் வாந்தி எடுத்தபோது மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, அம்மாவின் அறைக்கு ஓடி மண் கொண்டுவந்து கொட்டியது அவள்தான். நான் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை பாப்பா. பார்த்தேன், கணக்கில் வைக்கவில்லை. துடைக்கிறவரின் மகள் துடைக்கிறாள் என்று என் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது, வேறு பிள்ளை செய்திருந்தால் ஓடிப்போய் ஒட்டியிருப்பேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான், என் அப்பா மூட்டை தூக்கியவர், கூடப் படித்தவளின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போய், அது தன் சட்டை என்று அவள் ஊருக்கெல்லாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அந்தச் சட்டை உடம்பில் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியாதா? பட்டம் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்ததும் உடம்பு மறந்துவிடுமா?

மறுநாள் கொசுறு ஒரு பையோடு வந்தாள். பென்சில், பேனா, ரப்பர், பிஸ்கட்கூட, யார் யார் கொடுத்ததோ அவரவர் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வாயாடி என்னிடம் ஓடிவந்து, "மிஸ், திருப்பிக் குடுத்துட்டா, எங்க ஸ்டாரை எல்லாம் எடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள், அவளுக்கு அதுதான் கவலை. அன்றிலிருந்து கதை நேரம் வந்தால், "அம்மாவுக்கு மாப் பிழியப் போறேன் மிஸ்" என்று எழுந்து போய்விடுவாள். நான் தடுக்கவில்லை. பலகையை மட்டும் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன், சுவருக்கு வண்ணம் அடிக்கப் போகிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அன்று தவளைக் கதையைப் படித்தபோது "யாரைக் கேட்டு" என்கிற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிக் கொடுக்கிறவளின் லட்சணம் இது.

முந்தாநாள்தான் என்னால் முடிந்தது. மாடிப்படியில் அந்த அக்காவை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடிக்கும்வரை மாப்பைப் பிழிந்துகொண்டே இருந்தார், தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்தார். "அன்னைக்கு வீட்டுக்குப் போய் ரெண்டு போட்டேன் மிஸ் அவளை. சுயநலம் பிடிச்சவளேன்னு சொல்லிப் போட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல அவ. அதை நீங்க இப்ப வந்து எடுத்துடுவீங்களா?" என்றார். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, போய் அவகிட்ட சொல்லுங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கொசுறு, துடைப்பம் வைக்கும் அறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே குந்தி, தப்பு என்னுடையது, நீ செய்ததையெல்லாம் நான் ஒட்டாமல் விட்டேன், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன், உண்மையில் நான்தான் அழத் தயாராக இருந்தேன். அவளோ, "அப்போ எனக்கு எத்தனை ஸ்டார் வரணும்?" என்றாள். பலகையே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன் கண்ணு, நட்சத்திரத்துக்காக உதவி செய்வது நல்லதில்லை என்று விளக்கப் பார்த்தேன். "எல்லாருக்கும் ஒட்டிட்டு என் முறை வரும்போது எடுத்துட்டீங்களா?" என்றாள். விரலை மடக்கி அவளே எண்ண ஆரம்பித்தாள், சீவல் அள்ளியதற்கு, மண் கொட்டியதற்கு, "அப்புறம் அவன் பாட்டிலைப் பிடிச்சுக்க விட்டேன்ல, அதுக்கு ஒண்ணு. கயிறு கட்டுறப்ப ஆடாம நின்னேன், அதுக்கு ஒண்ணு. எல்லாரும் இருக்கும்போது ஒட்டணும்" என்றாள்.

நேற்று பலகையை மறுபடி மாட்டினேன். வண்ணம் அடிக்கிற கதை பொய் என்று வகுப்புக்கு முன்னால் சொன்னேன். ஒவ்வொன்றையும் எதற்கென்று சொல்லிச் சொல்லி ஒட்டினேன். பாட்டிலுக்கு வந்தபோது வாயாடி எழுந்து, "பிடிச்சது அவன்தானே மிஸ், அவளுக்கு எப்படி?" என்றாள். "அவளுக்கும் உண்டு" என்று சொல்லி ஒட்டினேனே தவிர, ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. கொசுறு கதை கேட்க உட்கார்ந்தாள், நடுவில் பக்கம் திருப்பும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். பள்ளி விட்ட பிறகு அந்த அக்கா பலகைக்கு முன்னால் நின்றிருந்தார், என்னைப் பார்க்காமலே, "எது எதுக்குன்னு கீழே எழுதிப் போடுங்க மிஸ், பாவம் பார்த்து ஒட்டினதுன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது" என்றார். அவ்வளவுதான் பேசினார், இனி எப்போது என் முகத்தைப் பார்ப்பாரோ தெரியாது, பார்க்க வேண்டும் என்று கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. உன் கடைக்காரம்மாவிடம் இதையெல்லாம் சொல், பலகை வேண்டாம், உங்கள் கதை நேரத்தில் ஓரமாக நிற்கிற பிள்ளை இருந்தால் அதற்கு ஒன்றும் கொடுக்காதே, அதனிடம் ஏதாவது உதவி கேள்.

இப்போது உன் மேசையில் உட்கார்ந்து சின்னச் சின்னச் சீட்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் எழுதிவிட்டேன், பாட்டில் நட்சத்திரத்துக்கு மட்டும் எழுதி எழுதி அடிக்கிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், உனக்குப் பதினொரு வயசு, உன்னோடு என்ன பேசுவதென்று தெரியாமல் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் திரும்பி உட்கார்ந்தாய். கோணல்மாணலாகப் பின்னிவிட்டேன், அப்படியே பள்ளிக்கூடம் போனாய். உனக்கே அழகாகப் பின்னத் தெரியும், தோழிகளுக்கெல்லாம் நீதான் பின்னிவிடுவாய் என்பது அடுத்த வருஷம் உன் பள்ளி விழாவில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றும் நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை, மறுநாள் காலையில் சீப்போடு வந்தேன், நீ திரும்பி உட்கார்ந்தாய். அதற்கு நான் உனக்கு இதுவரை ஒன்றும் ஒட்டவில்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, செய்த உனக்குத்தான் தெரியும். ஏழு வயசுப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பாட்டில் சீட்டுக்கு ஒரு வரி நீ எழுதி அனுப்பு பாப்பா, கடிதம் கிடைத்ததும் அனுப்பு, அதுவரை அந்த இடத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன்.

குளிரில் தலையைத் துடைக்காமல் வெளியே போகாதே. அப்பாவை முட்டிக்காக அதட்ட மறக்காதே. நீ போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் உனக்கு வாய்க்கட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் சித்தி