கிட்டப் போனால்தான் படம்

மார்ச் 3, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில்.

நேற்று வந்த மோகன் காலை பஸ்ஸில் போய்விட்டான். எங்கள் இளைய மகன். கொழும்பில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் வேலை. புதிதாக வாங்கிய சின்னக் கேமராவை என்னிடம் விட்டுப் போயிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம் வேலை, அதற்குப் பெரிய கேமரா போதுமாம்.

"ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கிறேன்ப்பா. அதுவரைக்கும் எடுத்துப் பாருங்க. நல்லது கெட்டத ஒங்க கொப்பியில எழுதி வைங்க. வச்சுக்கிறதா மாத்துறதான்னு அப்புறம் பாப்போம்."

எழுதி வைக்கச் சொன்னான். என்னிடம். போன வருடம் வரை எதற்கும் கைநாட்டு வைத்த ஆள் நான்.

கேமரா வெற்றிலைப் பெட்டி அளவு. கறுப்புத் தோல், வெள்ளித் தலை. மேலே திருகும் சில்லுகள், அவற்றில் எண்கள். எண்கள் எனக்கு முன்பே தெரியும், தேயிலை பாக்டரி ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினோடு நாற்பது வருடம். வெளியே ஆதி காலத்துக் கேமரா, உள்ளே எல்லாம் புதுசு. பிலிம் கிடையாது. லென்ஸுக்கு ஒரு மூடி உண்டு, லென்ஸைக் கழற்ற முடியாது. அது நீளவும் செய்யாது.

நல்லது: கைக்கு இதம். சில்லைத் திருகினால் டிக் டிக்.
கெட்டது: தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டாது. நாம்தான் கிட்டப் போக வேண்டும். அமுக்கியதும் கொஞ்சம் யோசிக்கிறது.

இன்று எடுத்தவை: கோழி. கோழியின் பின்பக்கம். கோழி போய்விட்ட இடம்.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். இடது முழங்கால் வலி.

பக்கத்து வீட்டு லெச்சுமி கேமராவைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, பிலிம் எத்தன மிச்சம் இருக்கு?"

பிலிம் இல்லை, ஆயிரம் படம்கூட எடுக்கலாம் என்றேன். நம்பவில்லை. "பாவம், மோகன யாரோ நல்லா ஏமாத்திப்புட்டானுங்க. பிலிம் இல்லாத கேமராவாம்!"

ஆனாலும் உள்ளே போனாள். முகம் கழுவி, பவுடர் பூசி, பேத்தியைத் தூக்கி வந்து மூச்சைப் பிடித்து நின்றாள். போனை நீட்டினால் யாரும் அப்படி நிற்பதில்லை. இரண்டாம் தடவை அமுக்கப் போனேன். "வேணாண்ணே, வீணாக்காதீங்க. நல்லது கெட்டதுக்கு வேணும்."

ந. (இனி இப்படித்தான், கை வலிக்கிறது): பழைய தோற்றம் என்பதால் மரியாதை.

பிறகு எங்கள் லயத்தின் ஒரே கூரை வரிசை ஆறு வீட்டையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தேன். பின்னால் போனேன். இன்னும் போனேன். தண்ணீர் ஓடும் கான் பள்ளத்துக்குள் விழுந்தேன்.

கெ.: மேலே எழுதியதுதான். இப்போது இரண்டு முழங்காலும் வலி.

அமுக்கினால் சத்தமே இல்லை. ரோலர் அறையில் கெட்டுப்போன என் காதுதான் காரணம் என்று நினைத்தேன். லெச்சுமியைக் கேட்டேன். அவளுக்கும் கேட்கவில்லையாம். கேமராதான் ஊமை. பெரிய சந்தோசம்.

மார்ச் 5, புதன்

பின்னேரம் இடி மட்டும். மழை இல்லை.

என் மனைவி பார்வதிக்கு வெள்ளிக்கிழமை வேலையில் கடைசி நாள். முப்பத்தொன்பது வருடம் கொழுந்து எடுத்தாள். சனிக்கிழமை முதல் ஆள் பெயர் பதியும் செக்ரோலில் அவள் பெயர் இருக்காது. அந்த வெள்ளிக்கிழமைப் பார்வதியை ஒரு படம் எடுக்க வேண்டும். சுவரில் மாட்ட வேண்டும். இந்தக் கேமரா இங்கே இருப்பதும் ஞாயிறு வரைதான். மற்றது எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை.

பா.வைப் படம் எடுக்காத வெள்ளைக்காரன் இல்லை. அவள் நிற்கும் மலை எல்கடுவ ரோட்டை ஒட்டியது. வேன் நிற்கும், இறங்குவார்கள், எடுப்பார்கள், போவார்கள். எந்தெந்த நாட்டில் எத்தனை வீட்டுச் சுவரில் இருக்கிறாளோ. எங்கள் சுவரில் இல்லை. அடையாள அட்டைப் படம் ஒன்று உண்டு, போலீஸில் பிடித்து நிறுத்தியது போல. மோகனின் போனில் பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் வெள்ளைக்காரனுக்குக் காட்டும் சிரிப்பு.

அது ஒரு தனி மூஞ்சி. கேமராவைக் கண்டால் போதும். தலை இடது பக்கம் சாயும். பல் தெரியும். வலது கை கொழுந்து கிள்ளுவது போல் மேலே வரும். இன்று அரிசி களையும்போது எடுத்தேன். கை வந்துவிட்டது! அரிசித் தண்ணீர் முழங்கைவரை ஒழுகுகிறது.

"பழகிப் போச்சுங்க. நா என்னா பண்ண?"

பிறகு வாசலில் உட்கார்ந்து விரலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஊமைக் கேமராதானே என்று கதவுக்குப் பின்னால் நின்று எடுத்தேன். சத்தம் இல்லை. ஆனால் முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்து காட்டிக் கொடுத்துவிட்டது.

"வெள்ளைக்காரனே கேட்டுத்தான் எடுக்குறான். நீங்க என்னா, கட்டுன புருசன், திருடுறீங்க?"

சரிதான். அவள் முன்னாலேயே அழித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். "வெள்ளிக்கெழம கொழுந்து நிறுக்குற எடத்துக்கு வாங்க. அன்னைக்கி நா நிக்கிறேன். ஒழுங்கா எடுங்க."

மார்ச் 6, வியாழன்

கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. பேட்டரி சிவப்பு.

கெ.: பேட்டரி சீக்கிரம் சாகிறது. ஒன்றுதான் இருக்கிறது.

மோகனுக்குப் போன் போட்டேன். பின்னால் கல்யாண மேளம். "திரைய அணைச்சிருங்கப்பா! ஜன்னல் வழியா பாத்தே எடுங்க! பேட்டரி நிக்கும்!" முன் விளக்கை அணைக்கவும் சொல்லிக் கொடுத்தான். இரண்டையும் அணைத்துவிட்டேன். எடுத்ததைத் திறந்து பார்ப்பதில்லை என்று முடிவு. எல்லாம் நாளைக்கு வேண்டும்.

ந.: அந்த ஜன்னல். மூலையில் சின்னக் கண்ணாடி. கண்ணை வைத்தால் உலகம் கழுவி வைத்தது போல. படத்துக்கு வெளியே உள்ளதும் கொஞ்சம் தெரிகிறது. உள்ளே வரப்போகிறவரை முன்கூட்டியே பார்க்கலாம். நாய் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். மோகனுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தீப்பெட்டி, தேங்காய் எண்ணெய் வாங்கவில்லை. மறதி.

மார்ச் 7, வெள்ளி

எழுத மனம் இல்லை. எழுதுகிறேன்.

நாலு மணி நிறுவை. பெண்கள் பையோடு வரிசை. பா. கடைசியில் நின்றாள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார். "பார்வதி அக்கா, இருபத்தொண்ணு கிலோ." எழுதினார். பிறகு பேனாவை மூடாமல் அப்படியே நின்றார். "அக்கா, நாளைக்கி யார நா ஏசுறது?"

லெச்சுமி வரிசையில் இருந்து கத்தினாள். "நாளைக்கி சங்கு ஊதுனா திரும்பிப் படுத்துக்கக்கா! எங்களுக்கும் சேத்துத் தூங்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். பா. சிரிக்கவில்லை. தலை சாயவில்லை. கை வரவில்லை. வெறும் பையை மடித்தாள், நாலாக. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஐந்து அடியில். ஜன்னலுக்குள் அவ்வளவு தெளிவு. முப்பத்தொன்பது வருடமும் அந்த முகத்தில் இருந்தது. ஒன்பது தடவை அமுக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே கேட்டாள். "காட்டுங்க பாப்போம்."

திரையைத் திறந்தேன். கறுப்பு. அடுத்தது கறுப்பு. ஒன்பதும் கறுப்பு.

லென்ஸின் மூடியைக் கழற்றவில்லை.

ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். சத்தமும் இல்லை, எடுத்தது போலவே இருக்கும்.

அவள் அடுப்படிக்குப் போனாள். சோறு போட்டாள். எனக்கு மீன் தலையையும் வைத்தாள். ஏசியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

மார்ச் 8, சனி

சங்கு ஊதியது. பா. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். போக இடம் இல்லை. இரண்டு தடவை வாசல் கூட்டினாள்.

எட்டு மணிக்கு நேற்றைய சேலையைக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வாங்க வெளிய. அதே சேல, அதே பை. எடுத்துத் தொலைங்க."

மூடியைக் கழற்றி அவளுக்குக் காட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டேன். கண்ணை வைத்தேன். தலை சாய்ந்தது. பல் வந்தது. கை எழும்பியது.

"அந்த மூஞ்சி வேணாம் பார்வதி."

அவ்வளவுதான்.

"வேற மூஞ்சிக்கு நா எங்க போவேன்! முப்பத்தொம்பது வருசமா இதத்தான் கேட்டானுங்க, இதத்தான் குடுத்தேன்! நேத்து ஒண்ணு வச்சிருந்தேன். ஒங்களுக்குன்னு வச்சிருந்தேன். அதுக்கு மூடியப் போட்டு மூடிட்டு, இப்ப வந்து மூஞ்சி வேணாங்கிறாரு! எண்ண வாங்கியாரத் தெரியல, தீப்பெட்டி வாங்கியாரத் தெரியல, இதுல படம் எடுக்க வந்துட்டாரு..."

ஏசிக்கொண்டே என்னை நோக்கி வந்தாள். மடித்த பையால் காற்றை அடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு அடிக்கு வந்ததும் அமுக்கினேன். ஒன்றே ஒன்று.

எடுத்துவிட்டேன் என்று உடனே சொன்னேன். வேண்டாம் என்றால் அழிக்கிறேன் என்றும் சொன்னேன். கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"பல்லு போன எடம் தெரியுது."

"ஆமா."

"எங்க ஆத்தா மாதிரியே இருக்கேன்." பிறகு, "அழிச்சிராதீங்க" என்றாள்.

மூடியை நூல் போட்டுக் கேமராவோடு கட்டிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். காற்று.

பதினொரு மணிக்கு மோகன். சாப்பிடும் முன்பே கொப்பியை வாங்கி வாசித்தான். என் எழுத்தை என் மகன் வாசிக்கிறான். கோழிக்குச் சிரித்தான். வெள்ளிக்கிழமை வந்ததும் சிரிப்பு நின்றது. "எங்கிட்டயும் நடந்திருக்குப்பா. இந்தக் கேமராவுல எல்லாருக்கும் ஒருக்கா நடக்கும்." எனக்காகச் சொன்னானோ என்னவோ.

பிறகு அந்தப் படம். பெரிதாக்கிப் பார்த்தான். "கொஞ்சம் ஆடியிருக்கு. பைதான் தெளிவு, மூஞ்சி அவ்வளவு தெளிவில்ல. ஐயோ அப்பா, அம்மா ஏசுற மாதிரியே இருக்கு!"

"ஏசுறாதான்."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணைத் துடைத்தான். கேமராவை மாற்றவில்லையாம். வைத்துக்கொள்கிறானாம்.

பா. குசினி அடுப்படியில் இருந்து கேட்டாள். "என்னாடா சொல்றாரு ஒங்கப்பா?"

"எந்தப் படத்தப் பெருசாக்கி அனுப்புறதுன்னு கேட்டேம்மா."

"அந்த ஏசுறதத்தான். அவரு நாக்காலிக்கு நேரா மாட்டணும். நா வத்தேகமத்துல மக வீட்டுக்குப் போயி பத்து நாளு இருந்துட்டு வரப்போறேன். அதுவரைக்கும் அது ஏசட்டும்."

சுவர் கல்சுவர். சாதாரண ஆணி நிற்காது. லெச்சுமி வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும்.