தேவியின் கணக்கில் மீதி இல்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ரோடெல்லாம் சேறு, புடவை ஓரம் நாசம். நாலாம் வகுப்பு வருகை 23. ஒருத்தர் விடாமல் வந்திருக்கிறார்கள், அதிசயம்.

வகுத்தல் ஆரம்பம். ஐஸ் குச்சிகள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு. கட்டைப் பிரித்தால்தான் ஒன்றுகள் கிடைக்கும் என்பது பாதிப் பேருக்கு ஏற மாட்டேன் என்கிறது. ரியாஸுக்குப் பிரிக்கவே மனசில்லை. "அழகா கீது மிஸ், அப்டியே இருக்கட்டும்."

ஹெச்.எம். கூப்பிட்டுச் சொன்னது: வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். வகுப்பைக் குழு குழுவாகப் பிரிப்பார். வகுத்தல் வராத பிள்ளைகள் இனி இரண்டாம் வகுப்போடு உட்கார வேண்டும்.

எனக்கு உடனே தேவி நினைப்பு. போன வருஷம் கழித்தல் வரவில்லை என்று சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். பத்து நாள் பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. மறுபடியும் அங்கே அனுப்பினால் படிப்பையே நிறுத்திவிடுவாள்.

ஜூலை 8, செவ்வாய்

38 ÷ 5. தேவி நோட்டில் ஐந்து பங்கு: 7, 7, 8, 8, 8.

"மீதி எங்கே?"

"இல்ல மிஸ்."

திரும்ப விளக்கினேன். திரும்ப அதே. மூன்றாம் தடவை நோட்டை மேஜையில் டொம்மென்று போட்டேன். "தலையில என்னதான் இருக்கு உனக்கு?" அவள் அழவில்லை. சிதறின குச்சிகளைப் பொறுக்கி, கட்டுப் போட்டு, அடுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அழுதிருந்தால் தேவலை.

வாங்க: ரப்பர் பேண்ட், தோசை மாவு, தலைவலித் தைலம்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. சாயங்காலம் அஸ்தினாபுரம். தேவியின் அம்மா அங்கே ரோட்டோரம் மீன் விற்கிறாள். வீட்டில் கொஞ்சம் கணக்குப் போடச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் போனேன்.

நீலத் தார்ப்பாயில் தேவி சங்கரா மீனைக் கூறு வைத்துக்கொண்டிருந்தாள். நாலு கூறு, கூறுக்கு ஐந்து. கையில் இரண்டு மீன் மிச்சம். பட்டென்று ஒரு கூறின் மேல் ஒன்று, இன்னொன்றின் மேல் ஒன்று. முடிந்தது.

"அந்த ரெண்டையும் தனியா வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

அம்மா சொன்னாள்: "தனியா கெடந்தா யாரு டீச்சர் எட்த்துப்பா? நாறிப் பூடும். இருக்கற கூறு மேலயே போட்ற வேண்டிதான்."

சுருக்கென்றது. தப்பு தப்பு என்று நான் கத்தியது, இந்தப் பெண் தினமும் பிசகாமல் செய்கிற வேலையைத்தான்.

"தேவி, மேல வைக்கிறதுக்கு முன்னாடி கையில எத்தனை இருந்துச்சு?"

"ரெண்டு."

"அதுதான்டி மீதி."

"அய்ய, அதுவா மிஸ்? மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அம்மா சிரித்தாள். நானும். ஒரு கூறு வாங்கினேன். ஆறு மீன் இருந்த கூறாகப் பார்த்துத்தான்.

ஜூலை 10, வியாழன்

தேவியிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு நான் கத்தினது தப்பு என்று. "பரவால்ல மிஸ், எங்கம்மா இத்த விட கத்தும்." எட்டுக் கணக்கில் ஏழு சரி. கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடிக்கவில்லை, ஹெச்.எம். வாசலில் நின்றார்.

ரியாஸ் இன்னும் தடுமாற்றம். வேறு இரண்டு பேரும். நேரம் போதவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில். அதிகாரி பதினொரு மணிக்கு. நல்ல மனிதர்தான், ஓயாத இருமல்.

தேவிக்கு 74 ÷ 3. ஏழு கட்டும் நாலு குச்சியும் எடுத்தாள். ஆளுக்கு இரண்டு கட்டு. மிஞ்சின ஒரு கட்டைப் பிரித்தாள். பதினாலு குச்சி, ஆளுக்கு நாலு. கையில் இருந்ததை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். போர்டில் 24, மீதி 2. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ரியாஸுக்கு வரவில்லை. அந்த இரண்டு பேருக்கும் வரவில்லை.

அதிகாரி பேப்பரில் எழுதிக்கொண்டே சொன்னார்: "குழுவுக்கு நாலு பேர், அஞ்சு குழு. மிச்சம் இந்த மூணு பேர் ரெண்டாம் வகுப்புக்கு."

"கணக்கும் சரியா வருது சார்" என்றார் ஹெச்.எம்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ரியாஸ் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

தேவி எழுந்தாள். "சார், மூணு பேரயும் தனியா வெக்காதீங்க சார். அப்பறம் யாரும் எட்த்துக்க மாட்டாங்க. மூணு குழு மேல ஒவ்வொருத்தரா போட்ருங்க."

ஹெச்.எம். "ஏய், உட்காரு" என்றார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "சார், அவ சொல்றது சரிதான். குழுவுக்கு அஞ்சு பேர் இருந்தாலும் நான் பார்த்துக்கறேன்."

சார் இருமினார். பேப்பரைப் பார்த்தார். பேனாவைத் திறந்து ரியாஸ் பெயரை அடித்து, முதல் குழுவில் எழுதினார்.

தேவி உட்காரவில்லை. மற்ற இரண்டு பேரையும் அதே குழுவில் போட்டுவிடப் போகிறாரோ என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.