வம்சத்துக் கண்

எர்மெக்கின் அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீங்களும் அந்தக் குளிர் தேசத்தில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு தோண்டி முடித்தாயிற்று, என் முதுகுதான் இன்னும் நிமிரவில்லை. சிவப்புப் பசு நாலு நாள் தீனி எடுக்காமல் கிடந்து இப்போது எழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மிர்லான் நீங்கள் இருக்கும் நகரத்துக்கே கட்டட வேலைக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். வீட்டில் போன் உங்கள் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு வீட்டு நடுவில் வைத்துவிடுவார். நான் உங்களிடம் பேச வேண்டியதை அவர் காதுபட ஒரு மருமகள் பேச முடியாது. அது உங்களுக்கே தெரியும்.

எர்மெக்கை பிஷ்கெக்குக்குக் கொண்டுபோய்க் கண் டாக்டரிடம் காட்டி வந்தோம். நம் ஊர் நர்ஸ் வாரா வாரம் வந்து தொந்தரவு செய்ததால்தான் அப்பா சம்மதித்தார். அவரும் கூடவே வந்தார். கணவாய் ஏறும்போது பிள்ளை என் மேலும் அவர் மேலும் வாந்தி எடுத்தான். அப்பா முகம் சுளிக்கவில்லை. தன் கல்பாக் தொப்பியைக் கழற்றி அவனுக்கு விசிறிக்கொண்டே வந்தார். வழி முழுக்க அவனை என் மடிக்குத் தரவே இல்லை. இதை எழுதுவதற்குக் காரணம், பின்னால் நான் எழுதப் போவதைப் படித்து நீங்கள் அவரைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பத்திரியில் பாதி ஊரே உட்கார்ந்திருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், பிறகு மறுபடி விட்டார்கள். அவன் அழுது ஓய்ந்து தூங்கும் நேரம் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நடுவயதுப் பெண். முதலில் அவனுடைய இடது கண்ணைக் கையால் மறைத்தார். அவன் பாட்டுக்குக் கிலுகிலுப்பையைப் பார்த்துச் சிரித்தான். பிறகு வலது கண்ணை மறைத்தார். அவ்வளவுதான், கத்திக்கொண்டு அந்தக் கையைப் பிறாண்டித் தள்ளினான்.

டாக்டர் சொன்னார்: "கண்ணு மூக்குப் பக்கம் திரும்பியிருக்கறது மட்டும்னா நான் பயப்பட மாட்டேம்மா. அந்த இடது கண்ணு பாக்கறதையே விட்டுக்கிட்டு வருது. கண்ணாடி எழுதித் தர்றேன். தினம் கொஞ்ச நேரம் நல்ல கண்ணை ஒட்டு போட்டு மூடுங்க. அப்பதான் இது சோம்பலை விட்டு வேலை செய்யும். அறுவை வேணுமாங்கறதை அப்புறம் பாக்கலாம். இந்த வயசுல விட்டுட்டா, பெரியவனானப்புறம் எந்த டாக்டராலயும் அந்தப் பார்வையைத் திருப்பித் தர முடியாது."

அப்பா சிரித்தார். "எங்க அப்பாவுக்கு இதே கண்ணு. என் மகனுக்கும் சின்ன வயசுல இதே கண்ணு, வளர வளர நேராயிடுச்சு. இது எங்க வம்சத்துக் கண்ணும்மா. பாத்த உடனே யார் வீட்டுப் பிள்ளைன்னு சனங்க சொல்லிடும்" என்றார். "உங்க மகனுக்கு இப்ப அந்தக் கண்ணுல பார்வை எப்படி?" என்று டாக்டர் அவரைக் கேட்டார். "கழுகுப் பார்வை. ஓடற குதிரையில இருந்தே ஆட்டுக்கிடாவைப் பறிச்சுக்கிட்டுப் போவான். வேணும்னா எங்க ஊருக்கு வந்து கேட்டுப் பாருங்க" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமனார் பேச்சை வெளியாள் எதிரில் வெட்டிப் பேச எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

திரும்பி வரும்போது வண்டியிலேயே முதல் ஒட்டைப் போட்டேன். எர்மெக் கணவாய் வரை வீறிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் முறைத்தார்கள். "நல்ல கண்ணைக் கட்டி வெச்சு ஒரு குழந்தையைக் குருடாக்குவாங்களா? உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?" என்று கேட்டு அப்பா அதைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். மிச்ச ஒட்டெல்லாம் இப்போது அவர் பெட்டிக்குள் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில். கண்ணாடிக்கு இன்னும் சொல்லவில்லை. தொட்டிலில் கண்திருஷ்டி மணி மட்டும் இன்னும் இரண்டு சேர்ந்திருக்கிறது. எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஆனால் அதைக் காட்டவும் உடம்பில் தெம்பில்லை.

நேற்று எர்மெக் என் கோப்பையைப் பிடிக்கக் கை நீட்டினான். கோப்பைக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைப் பிடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் டீ ஊற்றும்போது கெட்டில் மூக்கைக் கோப்பை விளிம்பில் இடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவீர்கள். கல்யாணமான புதிதில் அதை ஏதோ ஸ்டைல் என்று நினைத்து ரசித்தேன். நடக்கும்போது என்னை எப்போதும் வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்வீர்கள். போன வசந்தத்தில் குதிரைமேல் கிடா பறிக்கும் ஆட்டத்தில் உங்களை இடித்து விழத் தள்ளியவன் இடப்பக்கமாக வந்தான். எல்லோரும் அவனைத் திட்டினார்கள், நீங்கள் மட்டும் திட்டவில்லை. லாரி ஓட்டப் போகிறேன் என்று சொல்லிப் போனவர் ஏன் சிமென்ட் மூட்டை தூக்குகிறீர்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இனியும் கேட்க மாட்டேன். அது எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் என்ன சொன்னாலும் அப்பாவுக்கு அது மருமகள் வாய். டாக்டர் சொன்னால் நகரத்துப் பேச்சு. நீங்கள் சொன்னால்தான் அவர் காதில் ஏறும். அதைச் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் கேட்கவில்லை. அவர் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவது உங்கள் கண்ணைத்தான்.

இந்தக் கடிதத்தோடு எர்மெக்கின் படம் ஒன்றும் வைத்திருக்கிறேன். முன்னிரண்டு பல் தெரியச் சிரிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அந்தப் படத்தைக் கையில் எடுங்கள். உங்கள் வலது கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருப்பார், நான் அடுப்படியில் இருப்பேன். மகன் முகம் எப்படித் தெரிகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அது போதும், பெட்டிச் சாவியை அவரே எடுத்துக் கொடுப்பார்.

கடவுள் உங்களை உயரத்திலிருந்து விழாமல் காக்கட்டும். சாரத்தில் ஏறும்போது இடப்பக்கம் பார்த்து நடங்கள்.

உங்கள்,
பெர்மெத்