கெல்வனைக் கொடுத்தால் ஸ்டாட்டன் வருவான்

ஜனவரி 6

கெல்வனை இன்று மூன்று முறை தரையில் சாய்த்தேன். முதல் இரண்டும் ஆட்டத்தோடு ஆட்டமாக நடந்தவை. மூன்றாவது ஆசைப்பட்டுச் செய்தது.

இருபது வயசு. நான் குதிக்கலாமா என்று யோசிக்கும்போதே அவன் வளையத்தைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருப்பான். இறங்குகிறவன் சும்மா இறங்கமாட்டான். "என்ன பெருசு, முட்டி எண்ணெய் கேக்குதா?" பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அடுத்த தடவை அவன் எம்பியபோது நெஞ்சைக் கொடுத்து மோதினேன். தொப்பென்று விழுந்தான். "எந்திரிடா பஞ்சுமிட்டாய்!" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பஃபலோ கூடைப்பந்து அணி எனக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்குத்தான். கூடையில் பந்து போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம் பையன்மேல் கை வைக்கிறவனை இடித்துத் தள்ளுவது என் வேலை. பதினாலு வருஷமாகச் செய்கிறேன். மூக்கு இரண்டு தடவை உடைந்தாயிற்று. கோப்பை ஜெயித்தவர்களுக்குப் போடுகிற சாம்பியன் மோதிரம் மட்டும் விரலுக்கு வரவில்லை. முட்டி இந்த வருஷத்தைத் தாண்டாது என்று எனக்கே தெரியும்.

ஜனவரி 9

மேனேஜர் ஹான்ரஹன் கூப்பிட்டனுப்பினார். கோச் வுகோவிச்சும் இருந்தார். கதவைச் சாத்தினார்கள்.

விஷயம் இதுதான். ஸ்டாட்டன் தன் அணியை விட்டு வெளியே வரத் துடிக்கிறான். நாடு முழுக்கத் தெரிந்த முகம், இரண்டு மோதிரம் வாங்கிய கை. அவனை நமக்குத் தருவார்கள். பதிலுக்குக் கெல்வன் வேண்டுமாம்.

"நீ தினம் அவன்கூட மோதுறவன். சொல்லு ரூஃபர்ட், குடுக்கலாமா?"

கெல்வன் அஞ்சு வருஷத்தில் ஸ்டாட்டனை விடப் பெரிய ஆளாக வருவான். அதை மறைக்காமல் சொன்னேன். அதே மூச்சில், "குடுத்துடுங்க" என்றும் சொன்னேன். எனக்கு ஏது அஞ்சு வருஷம்? ஸ்டாட்டன் வந்தால் இந்த வருஷமே கோப்பை. என் கடைவாய்ப் பல் ஒன்று அவன் முழங்கையில்தான் போனது. போகட்டும், ஜெயிக்கத் தெரிந்தவன்.

ஹான்ரஹனுக்கு மனசு வரவில்லை. "பையன் அடி தாங்குவான்னா வச்சுக்கலாம்னு பாக்கறேன்" என்றார்.

கோச் என்னைப் பார்த்தார். "அப்ப அடிச்சுப் பாரேன்."

ஜனவரி 13

அடித்தேன். எழுந்தான்.

ஜனவரி 15

உதட்டைக் கிழித்தேன். எழுந்துவிட்டான், சனியன்.

ஜனவரி 17

எழுதக் கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவன் எம்பினான். நான் கீழே புகுந்து காலை வாரிவிட்டேன். இந்த ஆட்டத்தில் எவ்வளவு பெரிய ரவுடியும் செய்யாத காரியம் அது. அந்தரத்தில் இருக்கிறவனைத் தொடக்கூடாது. தொட்டேன். இடது கையை ஊன்றி விழுந்தான். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதா தெரியவில்லை.

மருத்துவ உதவியாளர் ஓடிவந்தார். "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்பா."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடியிருக்க வேண்டும். "என்னடா பஞ்சுமிட்டாய், அம்மாவுக்கு போன் போடவா?" என்றேன். ஏன்டா சொன்னே? ஏன் சொன்னே மடையா?

பையன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "எக்ஸ்ரேயும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று எழுந்தான். நேரே வந்தான். வலது கையால் என் வாயிலேயே ஒரு குத்து விட்டான். நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். பிரித்துவிட ஐந்து பேர் வேண்டியிருந்தது. தரையெல்லாம் ரத்தம், பாதி என்னுடையது. கோச் விசிலை ஊதிவிட்டு, "நல்ல பயிற்சி" என்றார். அந்த ஆள் சிரித்தார்!

வீட்டில் என் மனைவி யோலாண்டா ஐஸ் பையை என் வாயில் வைத்து அழுத்தினாள், கொஞ்சம் அதிகமாகவே. "உன் தம்பியா இருந்தா இப்படிச் செய்வியா? வெக்கமா இல்லை?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்கு?"

"மோதிரம் வேணும்டி."

"அதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. பைத்தியக்காரா."

ஜனவரி 24

பையன் மணிக்கட்டில் தானே கட்டு போட்டுக்கொள்கிறான். யாரும் பார்க்காமல், குளியலறையில். மேலே நீளக் கை பனியன். நான் பார்த்துவிட்டேன்.

"வலிக்குதாடா?"

"உனக்கு வாய் வலிக்குதா பெருசு?"

"இல்லை."

"எனக்கும் இல்லை."

போய்விட்டான். உதவியாளரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேரம் படுத்துவிடும். சொல்லவில்லை.

ஜனவரி 29

ஸ்டாட்டனின் அணியோடு ஆட்டம். கெல்வன் முப்பத்தெட்டுப் புள்ளி. அத்தனையும் வலது கை. இடது கை ஒப்புக்கு உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாட்டன் மாதிரி ஒருத்தனை இப்படி ஆட்டுவித்ததை நான் பார்த்ததே இல்லை.

ஸ்டாட்டன் பொறுக்கமாட்டாமல் பையனின் தொண்டையில் முழங்கையை இறக்கினான். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று யோசித்தால்தான் ஞாபகம் வருகிறது. ஸ்டாட்டன் நாற்காலிகளுக்கு நடுவில் கிடந்தான். என் முஷ்டித் தோல் உரிந்திருந்தது. நடுவர் என்னை வெளியே போகச் சொன்னார். ஜனங்கள் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள்.

யாரைக் கொண்டுவர இத்தனை பாடுபடுகிறேனோ அவனையே அடித்திருக்கிறேன். யாரை விரட்டுகிறேனோ அவனுக்காக. என்ன ஜென்மம் நான்?

உடை மாற்றும் அறையில் கெல்வன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரு கேட்டா உன்னை?" என்றான்.

ஹான்ரஹன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். "இவனைப் போயா குடுக்கறது?"

"இப்பக் குடுங்க. இதைவிட நல்ல நேரம் வராது" என்றேன்.

பிப்ரவரி 5

முடிந்தது. நாளைக்கு ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிறது, அதற்குள் கையெழுத்தாகிவிட்டது. ரேடியோவில் காலையிலிருந்து இதே சண்டை. வளர்ற பிள்ளையை வித்துட்டானுங்க என்று ஒருத்தன் அழுகிறான். ஸ்டாட்டன் வந்தா கோப்பைதான் என்று இன்னொருத்தன் குதிக்கிறான். எங்கள் தெருமுனைக் கோழிக்கடையில் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டு ஒருத்தனுக்கு மண்டை உடைந்ததாம். அண்ணன் தம்பியாம்.

கெல்வன் தன் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"நீதான் குடுக்கச் சொன்னியாமே."

"ஆமா."

"பஞ்சுமிட்டாய்னு அவங்ககிட்டயும் சொன்னியா?"

"இல்லடா. நீ பெரிய ஆளா வருவேன்னு சொன்னேன்."

"அது தெரிஞ்சுமா குடுத்தே?"

என் ஷூவில் துப்பிவிட்டுப் போனான். நான் துடைக்கவில்லை. ராத்திரி யோலாண்டாதான் துடைத்தாள்.

பிப்ரவரி 7

எல்லாம் நாசம்.

மாறிப் போகிற ஆட்டக்காரனை வாங்குகிற அணியின் டாக்டர்கள் சோதித்துச் சரி சொன்னால்தான் பேரம் நிற்கும். காலங்காலமாக இருக்கிற வழக்கம். எனக்குத் தெரியாதா? தெரியும். பையனின் இடது மணிக்கட்டில் சின்ன எலும்பு ஒன்று இரண்டாக உடைந்திருக்கிறதாம். மூன்று வாரமாக உடைந்த கையோடு ஆடி, ரத்த ஓட்டம் போய் எலும்பு கெடத் தொடங்கிவிட்டதாம். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கெடு தாண்டிவிட்டது. ஸ்டாட்டன் வரமாட்டான்.

ஊர் வெறிபிடித்துக் கிடக்கிறது. கெல்வனின் கார் கண்ணாடியில் செங்கல். ஹான்ரஹன் மேஜையைக் குத்திக்கொண்டு கத்தினார். "எப்படா உடைஞ்சுது? எங்கேடா உடைஞ்சுது?"

"வீட்டுப் படியில வழுக்கிட்டேன்" என்றான் பையன். என்னைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அடக்கமுடியவில்லை. "படியாவது மண்ணாவது! நான் உடைச்சேன். உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. கேட்டுட்டுச் சும்மா இருந்தேன்."

காபிக் கோப்பை என் காதோரமாகப் பறந்து சுவரில் உடைந்தது. கோச் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். "அடிச்சுப் பாருன்னு சொன்னது யாருய்யா? சொல்லுய்யா!" காவலாளிகள் வந்து என்னை இழுத்துப் போனார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் பையன் பின்னாலேயே வந்தான்.

"யாரு கேட்டா உன்னை?"

"ஏன்டா மறைச்சே?"

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "காட்டினா மறுபடியும் பஞ்சுமிட்டாய்னு சொல்லுவே இல்ல" என்றான்.

பிப்ரவரி 8

என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கெல்வனுக்கு அறுவை. தகடு வைக்கிறார்களாம்.

செப்டம்பர் 21

ஸ்டாட்டன் போன் செய்தான். கோடையில் கன்சாஸ் சிட்டி அணிக்கு மாறிவிட்டான். "என்னை அடிச்ச அந்தக் கை இன்னும் உனக்கு இருக்குதாய்யா? இருந்தா எடுத்துக்கிட்டு வா. ஒரு வருஷம். மோதிரம் வாங்கிட்டு வீட்டுக்குப் போ."

சரி என்றேன். யோலாண்டா என்னோடு பேசவில்லை. வெந்தும் வேகாத உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் 19

பஃபலோ ஆஸ்பத்திரி. தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பேசமுடியாது. எழுதத்தான் முடியும்.

நேற்று என் பழைய அணியோடு, இப்போதும் கெல்வன் ஆடுகிற அணியோடு, எங்களுக்கு ஆட்டம். எனக்குச் சொன்ன வேலை, அவன் வழியை மறித்து நிற்பது. நின்றேன். அவன் ஓடிவந்தான். அவனுக்கு ஒதுங்க இடமிருந்தது, ஒதுங்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தான். இடது முழங்கை, தகடு வைத்த அந்தக் கையின் முழங்கை, என் தாடையில் இறங்கியது. அப்படியே மல்லாந்தேன். அந்தச் சுள்ளிச் சத்தம் இந்த முறை என் தலைக்குள் கேட்டது. ஸ்டாட்டன் அடிக்கப் பாய்ந்தான். நான் தரையில் கிடந்தபடியே ஸ்டாட்டன் காலைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று இப்போதுதான் புரிகிறது: அந்த அடி பையனிடமிருந்து எனக்கு வரவேண்டிய பாக்கி.

இனி ஆட்டம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோதிரமும் இல்லை. யோலாண்டா குழாய் வைத்து சூப் கொடுக்கிறாள். திட்டிக்கொண்டேதான் கொடுக்கிறாள், ஆனால் பேசுகிறாள்.

மத்தியானம் போனில் ஒரு செய்தி வந்தது. கெல்வன்.

"பெருசு, எக்ஸ்ரே எடுத்தியா? மறைக்காம சொல்லு."

 பதில் போட்டேன்: "எடுத்தாச்சுடா. மூணு இடத்துல உடைஞ்சிருக்கு. நல்ல அடி."