இடது காதில் ஒரு வெட்டு

டொலாவோன்,
9 ஆகஸ்ட் 1965

அன்புள்ள நெஸ்டா அக்காவுக்கு,

தம்பி இத்தெல் எழுதுகிறேன். பாஹியா பிளாங்காவின் கடற்காற்றில் உன் மூச்சிரைப்பு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விடவில்லை. நான் எழுதினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும் என்பாய். அதனால் வரிசையை முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

1. தாத்தாவின் கல்லறைக் கல்லுக்காக நான் திரட்டியவை.
2. நம்மவர் முதல் கப்பலில் இங்கே வந்திறங்கிய நூறாம் ஆண்டு நாள் தேநீர் விருந்தில் நடந்தது.
3. தெல்ஃபினா என்ற பெண்ணுக்கு நம் குடும்பத்தில் இடமில்லை என்பதற்கு என் காரணங்கள்.
4. நீ செய்ய வேண்டியது.

முதலாவது. கத்வாலதர் தாத்தா முதல் கப்பலில் வந்தபோது இருபத்துமூன்று வயது, மணமாகாதவர். ரொட்டி கொடுத்து இறைச்சி வாங்கிய பழக்கத்தில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான தெகுவெல்சே மக்களோடு நெருங்கி, மேட்டுநிலத்தில் சில குளிர்காலங்கள் அவர்கள் கூடாரங்களிலேயே இருந்தார். பிறகு திரும்பிவந்து ஹன்னா பாட்டியை மணந்தார். பிள்ளைகள் நால்வர், மூத்தவர் நம் அப்பா. இந்த வரிகளுக்காகத்தான் கல் செதுக்குபவர் காத்திருக்கிறார்.

இரண்டாவது. விருந்தில் அவரவர் குடும்பம் அவரவர் மேசையில் உட்காரும் வழக்கம் உனக்குத் தெரியும். நம் மேசைக்கு ஐம்பது வயதுள்ள ஒரு பெண் வந்து நின்றாள். மேட்டுநிலத்துக் கான் கான் ஊரிலிருந்து கம்பளி லாரியில் ஏறி வந்தவள், பெயர் தெல்ஃபினா. பெனிட்டோவின் பேத்தி. ஆம், சாப்பாட்டு மேசையில் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, நம் ஆடுகளின் காதில் வெட்டும் வீட்டு அடையாளத்தைத் திருடிய பெனிட்டோ, அவன்தான். அப்பா போலீசோடு போய் மந்தையை ஓட்டிவந்ததும், அவன் ஒரு குளிர்காலம் ராசன் நகரச் சிறையில் கிடந்ததும் நினைவிருக்கும்.

அவள் ஒரு காகிதக் கைத்துடைப்பானை மடித்து, கேக் வெட்டும் கத்தியால் இரண்டு ஆட்டுக் காதுகளாகக் கீறி விரித்துக் காட்டினாள். வலது காதின் நுனியில் நேரான வெட்டு, இடது காதின் நுனியில் இரட்டைவால் போன்ற பிளவு, அதன் அடியில் ஒரு சிறு வெட்டு. “எங்க தாத்தா மந்தைக்கு இந்தக் காதுதான். கொடுத்தது அவரோட அப்பா, உங்க கத்வாலதர். கல்லுல புள்ளைங்க பேர் எழுதுறீங்களாமே, எங்க தாத்தா பேரையும் போடுங்க. வேற எதுவும் கேக்க வரல” என்றாள்.

நம் சித்தப்பா மகன் எம்லினைத்தான் தெரியுமே. “அட, திருடின காதை நம்ம கத்தியாலயே வெட்டிக் காட்டுறாங்கப்பா! நெஞ்சழுத்தந்தான்” என்றான். பக்கத்து மேசைகளும் சிரித்தன. அவள் அசரவில்லை. “திருடுறவன் காதை ஒட்ட அறுத்துருவான் ஐயா. அடையாளத்த வச்சுக்கிட்டா மேய்ப்பான்? ஆடு வளக்குற வீட்டுல பொறந்துட்டு இது தெரியலயே” என்றாள். இம்முறை சிரிப்பு அவள் பக்கம். எம்லின் முகம் சிவந்து, “படிச்சவர் இருக்காரு, வாத்தியாரே சொல்லட்டும்” என்று என்னைக் கைகாட்டினான்.

போதிய சான்று இல்லை என்றேன் அக்கா. அவள் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. தேநீர்க் குடுவையைப் பார்த்துச் சொன்னேன். “சரிங்க வாத்தியாரே” என்றாள். தான் குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள். நம் வீட்டுப் பெண்கள் யாரும் தடுக்கவில்லை.

மூன்றாவது. என் காரணங்கள் இவை. பெனிட்டோவுக்கு நம் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடக்கவில்லை. தாத்தா அவனைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்தச் சிறு வெட்டு, திருட்டை மறைக்கப் பிறகு போட்டது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். அண்ணன் கிவிலிம் தனி மந்தையோடு பிரிந்த நாள் நினைவுக்கு வந்தது. நீதான் குட்டிகளைப் பிடித்துக்கொடுத்தாய். வீட்டு அடையாளத்தை அப்படியே போட்டு, இடது காதின் அடியில் அப்பா ஒரு சிறு வெட்டு வெட்டினார். “மூத்தவன் பிரிஞ்சு போனா இதுதான். எங்கப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது” என்றார். தாத்தாவைப் பிரிந்துவந்த மூத்தவர் அப்பாதான் என்றால், அந்த வெட்டு அவருடைய சொந்த மந்தையில் ஏன் இல்லை என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. நான் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

மூத்தவன் பெனிட்டோதான் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. இதற்குமேல் அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

நான்காவது. கல் வேலை எம்லின் பொறுப்பில் இருக்கிறது, அவன் உன் ஒருத்தி சொல்லுக்குத்தான் அடங்குவான். பிள்ளைகளில் முதல் பெயராக பெனிட்டோவை எழுதச் சொல்லி அவனுக்குத் தந்தி கொடு. நான் வியாழக்கிழமை லாரியில் கான் கானுக்குப் போகிறேன். இல்லை என்று சொன்ன வாயே போய்ச் சொல்ல வேண்டும். என்னைக் கண்டதும் அவள் கதவைச் சாத்தினால் அது நியாயம்தான். திறந்தால், பெரியப்பா வழியில் நமக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

கர்த்தர் உனக்கு நல்ல மூச்சைத் தரட்டும். என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்க முடியாது, கேட்க வேண்டிய இடம் வேறு. மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

உன் தம்பி,
இத்தெல்