ஏறும்போது சைக்கிள், இறங்கும்போது வண்டி

ஆரம்பாக்கம்
21 ஜனவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். நானும் நம் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். அந்த அருணாசலப் பிரதேசக் குளிரில் காதையாவது மூடிக்கொண்டு வேலை செய்கிறீர்களா? உங்கள் முகாமில் டவர் இல்லை. பஜாருக்கு வந்து போன் பேசினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அதனால்தான் மனசில் உள்ளதைத் தாளில் எழுத வேண்டியிருக்கிறது.

அறுப்பு முடிந்தது. உங்கள் தம்பி அன்புராஜ் கூடவே நின்று பார்த்துக்கொண்டார். பாப்பா பொங்கலுக்கு வந்துவிட்டுத் திருவள்ளூர் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள்.

என் முட்டி விஷயம் சொல்ல வேண்டும். கம்பெனியில் பாட்டில் அடுக்கும் லைனில் நாளெல்லாம் சிமெண்டுத் தரையில் நின்று இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி டாக்டர், ஓடாதே, படி ஏறாதே, சும்மாவும் உட்காராதே, சைக்கிள் மிதி என்றார். கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் ஸ்டீபன் அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு, அவர் அக்கா மகள் ஓட்டிய கியர் சைக்கிளைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். தடித்த டயர், மலையில் ஓட்டுகிற வண்டி. தேர்வாய் கண்டிகை தாண்டி ஒரு பழைய கல் குவாரி இருக்கிறது. அதற்கு லாரி போன மண்பாதையில் எங்கள் லைன் பெண்கள் சிலர் அவரோடு ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறார்கள். நானும் போனேன். ஸ்டீபன்தான் என் உயரத்துக்கு சீட்டை ஏற்றி வைத்தார். முதல் மேட்டில் நான் சாயப் போனதும் சீட்டின் பின்னால் பிடித்துக்கொண்டே வந்தார். பாதி மேடுகூட ஏறவில்லை. ஆனாலும் அன்றைக்கு முட்டி வலிக்கவில்லை மாமா. எத்தனை நாள் கழித்து.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள்
செல்வி


அணை வேலை முகாம்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். முட்டிக்கு நாலு வரி, எனக்கு ஒரு வரி, மீதியெல்லாம் ஸ்டீபன்.

யார் அவன்? போன வருஷம் நான் வந்திருந்தபோது அந்தப் பேரையே நீ சொன்னதில்லை. அவன் அண்ணாச்சியாகவே இருக்கட்டும். என் மனைவி உட்காரும் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வர வேண்டுமா? நானும் இங்கே மலையில்தான் இருக்கிறேன். சுரங்கத்துக்குள் டிரில்லிங் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என்னை யாரும் பிடித்துக்கொள்வதில்லை.

முட்டிக்கு சைக்கிள் நல்லதென்றால் நம் தெருவில் ஓட்டு. ஏரிக்கரை வரை போய் வா. மேடு எதற்கு? வலி உள்ள காலோடு யாராவது மலை ஏறுவார்களா? டாக்டர் சொன்னாரா, அவன் சொன்னானா? அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு. நான் வரும்போது நல்லதாக ஒன்று வாங்கித் தருகிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. இங்கே ராத்திரி நீளம், அவ்வளவுதான்.

உன்
தணிகைவேல்


ஆரம்பாக்கம்
3 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

கோபத்தில் எழுதவில்லை என்று எழுதியதிலேயே தெரிந்துவிட்டது.

மேடு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். நடந்தாலும் ஓடினாலும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரம் முட்டியில் போய் இடிக்கிறதாம். சைக்கிளில் பாரத்தை சீட்டு தாங்கிக்கொள்கிறது, கால் சுற்றிக்கொண்டு மட்டும் இருக்கிறது. லேசான கியரில் மேடு ஏறினால், கால் எங்கும் இடிபடாமலே நெஞ்சுக்கும் தொடைக்கும் முழு வேலை. தொடை பலமானால் முட்டிக்குப் பாரம் குறையும். தெருவில் ஓட்டினால் நாலு பேர் நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள். குவாரி மேட்டில் யாரும் கேட்பதில்லை.

ஸ்டீபனுக்கு நம் வயசுதான். மனைவி தவறிப் போய்விட்டார். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது வந்து உங்கள் காதில் போடுவதற்குள்.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்களோ என்னவோ. கல்யாணமான புதிதில் நீங்கள் கபடி ஆடப் போகும்போதெல்லாம் நானும் வருவேன். உங்கள் சட்டையையும் வாச்சையும் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பேன். அப்போது எனக்கு வயிறு எரியும். உங்களைப் பார்த்துக் கத்துகிற பெண்கள் மேல் இல்லை, உங்கள் மேல்தான். மூச்சுப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்போது உங்களுக்கு நானும் ஞாபகம் இல்லை, வீடும் ஞாபகம் இல்லை. அப்படி ஒரு இடம் எனக்கு எங்கே இருக்கிறது என்று நினைப்பேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. இப்போது முக்கால் மேடு ஏறுகிறேன்.

உங்கள்
செல்வி


அணை வேலை முகாம்
31 மார்ச் 2024

செல்விக்கு,

போன வாரம் அன்புராஜுக்கு போன் போட்டேன். அவனாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தேர்வாய் பக்கம் போயிருந்தானாம். குவாரிப் பாதையில் நீ குட்டியானை லோடு வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து இறங்கி வந்தாயாம். ஓட்டினது ஸ்டீபன். “அண்ணி சிரிச்சிக்கினே வந்தாங்கண்ணா, என்ன பாக்கவே இல்ல” என்றான்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஏறும்போது சைக்கிள், இறங்கும்போது அவன் வண்டியா? ஏறத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியாதா? எந்த ஊரிலும் இறங்குவதுதானே சுலபம்?

சுரங்கத்தில் பாறை உடைக்கும்போது காது அடைத்துப் போகும். அப்போதும் அந்த ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டே இருக்கிறது. சிரித்துக்கொண்டே வந்தாய் என்று. நான் ஊருக்கு வந்தால் கதவைத் திறக்கும்போது சிரிப்பாய். அப்புறம் பால் காய வைக்கப் போய்விடுவாய்.

பதில் எழுது. ஸ்டீபனைப் பற்றி மட்டும் எழுதினாலும் பரவாயில்லை.

தணிகைவேல்


ஆரம்பாக்கம்
14 ஏப்ரல் 2024

மாமாவுக்கு,

இன்று வருஷப் பிறப்பு. நல்ல நாளில் சண்டை போடக் கூடாது என்று காலையிலிருந்து பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

என் பின்னால் ஆள் வைத்தீர்கள். அன்புராஜ் நேற்று வந்து கண்கலங்கிவிட்டுப் போனார். “நானா இன்னா பண்றது அண்ணி, அண்ணன் கேட்டா சொல்லாம இருக்க முடியுமா” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இறங்குவது சுலபம் என்று யார் சொன்னது? கல்லும் குழியுமாக இருக்கிற பாதையில் சைக்கிளில் இறங்கினால் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக முட்டியிலும் முதுகிலும்தான் இறங்கும். டாக்டர், மேடு ஏறு, இறங்காதே என்றார். அதனால் முட்டிவலிக்காரர்கள் எல்லாரும் சைக்கிளை வண்டியில் போட்டுக்கொண்டு இறங்குகிறோம். அந்த வண்டியை ஸ்டீபன் முன்னாடியே மேலே நிறுத்திவிட்டு, தன் சைக்கிளில் கீழே வந்துவிடுவார். நாங்கள் நாலு பெண்கள். முன்சீட்டில் ஆளுக்கு ஒரு வாரம். அன்புராஜ் வந்தது என் முறையாகப் போய்விட்டது.

மே மாதம் லீவு என்றீர்கள். வாருங்கள். வந்து நீங்களே ஏறிப் பாருங்கள். அதுவரை நான் எழுத மாட்டேன்.

தமிழ்செல்வி


ஆரம்பாக்கம்
9 ஜூன் 2024

மாமாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று பாப்பா சொன்னாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் கிளம்புவதற்காக சைக்கிளை வெளியே எடுத்தேன். இரண்டு பெடலும் இல்லை. திருடன் வந்தானா என்று பார்த்தேன். திருடன் என்றால் வண்டியையே கொண்டுபோயிருப்பான். அப்புறம் உங்கள் ஸ்பானர் செட்டைத் திறந்தேன். ஒரு ஸ்பானர் மட்டும் இடம் மாறி இருந்தது.

நீங்கள் லீவு முடிந்து கிளம்பிய அன்று காலையில், நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, வெகுநேரம் பின்கட்டில் இருந்தீர்கள். வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறீர்கள் என்று நினைத்தேன்.

லீவில் நீங்கள் எங்களோடு ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டில் என்ன நடந்தது என்று அதன் பிறகு நாம் பேசவே இல்லை. உச்சியில் எல்லார் முன்னாலும் “கெளம்பு, இன்னியோட போதும்” என்றீர்கள். வீட்டில் இருந்த மீதி நாளெல்லாம் நன்றாகச் சாப்பிட்டீர்கள், நன்றாகப் பேசினீர்கள். போகும்போது இதைச் செய்தீர்கள்.

ரயிலில் இத்தனை தூரம் அந்த இரண்டு பெடலையும் பையில் வைத்துக்கொண்டு போனீர்களே, எப்படி முடிந்தது?

செல்வி


அணை வேலை முகாம்
30 ஜூன் 2024

அன்புள்ள செல்விக்கு,

முடியவில்லை. விஜயவாடா தாண்டுவதற்குள் ரயிலை விட்டு இறங்கித் திரும்பி வந்துவிடலாமா என்று இருந்தது. வந்து என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று நடந்ததை நான் சொல்கிறேன். கபடி ஆடிய கால், ஒரு மேட்டுக்கா பயப்படும் என்று நினைத்து இரவல் சைக்கிளில் ஏறினேன். கனமான கியரிலேயே நின்று மிதித்தேன். இரண்டாவது வளைவில் நெஞ்சு அடைத்தது. இறங்கித் தள்ளினேன். நீ என்னைத் தாண்டிப் போனாய். வேகமாகக்கூடப் போகவில்லை. கால் சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வளைவு வந்தது, நீ மறைந்துவிட்டாய்.

ஸ்டீபன் திரும்பி வந்தான். என்னைப் பார்த்து அவனும் இறங்கி, தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்கூடவே நடந்தான். “மொத நாள்ல எல்லாருக்கும் இப்டித்தாங்க, சின்ன கியர்ல போட்டு உக்காந்தே மிதிங்க” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் ஏளனம் செய்திருந்தால் அடித்திருப்பேன். நல்லவனாக இருந்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உச்சிக்கு வந்தால் நீ பாறையில் உட்கார்ந்து, முகமெல்லாம் சிவந்து, வேர்வை சொட்ட சிரித்துக்கொண்டிருக்கிறாய். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. எனக்காக இன்னொரு சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டாய். அந்த இடத்தில்தான் நான் அப்படிச் சொன்னேன். வண்டியில் இறங்கும்போது என்னை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு நீ பின்னால் சைக்கிள்களோடு நின்றுகொண்டாய். வழியெல்லாம் கண்ணாடியில் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெடல்களை நேற்று பார்சலில் போட்டேன். வருவதற்கு நாளாகும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுது. உனக்கு ஸ்டீபனைப் பிடிக்குமா? அன்றைக்கு நீ ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

உன்
தணிகைவேல்


ஆரம்பாக்கம்
28 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சல் நேற்று வந்தது. உங்கள் பழைய பனியனில் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். அவை வரும்வரை நான் காத்திருக்கவில்லை. ஜூன் மாதமே கும்மிடிப்பூண்டியில் வேறு பெடல் வாங்கி நானே மாட்டினேன். இடது பக்கம் திருகுமரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும், அது தெரியாமல் கொஞ்ச நேரம் கை வலித்தது. ஸ்டீபனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பெடல் எங்கே போனது என்று கேட்டிருப்பார். என் புருஷன் கழற்றிக்கொண்டு போனார் என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். ஸ்டீபனைப் பிடிக்கும். நல்ல மனுஷர். தள்ளாடுகிறவர் யாராக இருந்தாலும் கூட நடப்பார், உங்களோடு நடந்த மாதிரி. ஆனால் அவர் வேண்டும் என்று என் மனம் ஒரு நாளும் கேட்டதில்லை. மேடு வேண்டும் என்று தினமும் கேட்கிறது. நீங்கள் பொறாமைப்படுவதாக இருந்தால் அந்த மேட்டின் மேல் படுங்கள். அதில் நியாயம் இருக்கிறது.

ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும். உங்கள் மூச்சு கேட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு, தெரியாமல் போகுமா? திரும்பியிருந்தால் இறங்கியிருப்பேன். இறங்கியிருந்தால் உங்கள் வண்டியையும் வாங்கி நானே தள்ளியிருப்பேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கால் ஊன்றாமல் உச்சிவரை போனேன் மாமா. நீங்கள் வந்ததும் அதைத்தான் சொல்ல இருந்தேன். பாறையில் உட்கார்ந்து அதற்காகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் நீங்கள் கெளம்பு என்றீர்கள். நானும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

வருகிற பொங்கலுக்கு லீவு கேட்டிருப்பதாகப் பாப்பா சொன்னாள். உங்களுக்கும் ஒரு சைக்கிள் பார்க்கட்டுமா, வேண்டாமா என்று எழுதுங்கள். பார் என்றால் பார்த்து வைக்கிறேன், இந்தப் பெடல்களையே அதில் மாட்டிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சோறு ஆக்கி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருங்கள், பசியோடுதான் வருவேன். இரண்டில் எது உங்களுக்குத் தோதோ அது எனக்குச் சம்மதம். மேடு ஏறாத ஞாயிற்றுக்கிழமை என்று மூன்றாவது ஒன்று கிடையாது.

அங்கே மழை பிடித்துவிட்டதாமே. சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்தால் முதலில் வெளியே வாருங்கள், மிஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள்
செல்வி